இரண்டு ஈரத்தில் ஒரு கத்தரிக்காய்: நீர்வண்ண வேகப் பயிற்சி பற்றிய விவாத இழை

மே 6, 2024 (வாசகர் கேள்வி)

தினம் ஒரு பொருளை எதிரில் வைத்துப் பத்து நிமிடத்தில் வாட்டர்கலரில் முடித்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பென்சிலுக்கு அது சரி. வாட்டர்கலருக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. காயாமல் அடுத்த வாஷ் (நீர்த்த நிறப் பூச்சு) போட்டால் சேறாகிறது. காயட்டும் என்று உட்கார்ந்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடுகிறது. கத்தரிக்காய், தக்காளி, எலுமிச்சை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. எல்லாம் ஒரே பழுப்பு. இப்படி அவசரமாக வரைந்தால் இருக்கிற கையும் கெட்டுப்போகாதா?

மே 6, இரவு

காயும் நேரம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பத்து நிமிடம் என்பது பென்சில்காரர்களின் கணக்கு. நீர்வண்ணத்தில் நேரம் தாளின் கையில் இருக்கிறது. முதல் வாஷ் விழுந்ததும் தாள் நனைகிறது. அந்த ஈரம் போவதற்குள் அந்த வாஷில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்து முடித்துவிட வேண்டும். முடியாமல் போனால் போனதுதான், கையை எடுத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது ஈரம். அதிலும் அப்படித்தான். வேகப் பயிற்சி என்று நான் சொல்வது இதை: ஓர் ஈரத்துக்குள் ஒரு வேலை. கை பரபரக்க வேண்டியதே இல்லை. நடுவில் காத்திருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருப்பது எரிச்சலாக இருந்தால் ஒரு தாளை மாஸ்கிங் டேப் ஒட்டி நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் முதல் வாஷ் போட்டதும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். அதே கத்தரிக்காயைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். நான்காவது கட்டத்தை நனைத்து முடிக்கும்போது முதல் கட்டம் காய்ந்து உங்களுக்காகத் தயாராக இருக்கும். நான் பழகியது இப்படித்தான், இன்றும் இப்படித்தான் செய்கிறேன்.

சேறு பற்றி நாளை எழுதுகிறேன். அது தனிக் கதை.

மே 7

சேறு. அவசரத்தால் வருவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது தயக்கத்தால் வருகிறது.

நீர்வண்ணத்தில் நிறமியைத் தாளோடு பிடித்து வைப்பது அக்கேசியா இன மரத்தின் பிசின். அது முழுக்கக் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். பாதி காய்ந்த நிலையில் அதற்குப் பிடிப்பே இருக்காது. அந்த நேரத்தில், "இந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் சரி செய்துவிடலாம்" என்று பிரஷைக் கொண்டுபோனால் அடியில் படிந்தது கிளம்பி மேலே வருவதோடு கலக்கும். அங்கேயே நான்கு முறை தேய்த்தால் முடிந்தது, தாளின் வெளிச்சம் செத்துவிடும்.

ஈரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் நின்று பளபளத்தால் தாராளமாக நிறம் விடலாம், தானாகப் பரவும். பளபளப்பு அடங்கி மெல்லிய மினுக்கம் மட்டும் இருந்தால், தண்ணீர் குறைவான கெட்டி நிறத்தை மட்டும் விடலாம். அது கொஞ்சம் பரவி மென்மையான ஓரத்தோடு நிற்கும். இந்த நிலையில் தண்ணீர் நிறைந்த பிரஷ் பட்டால் அந்தத் தண்ணீர் நிறமியை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஓரம் சுருண்ட ஒரு கறையாக உட்கார்ந்துவிடும். காலிஃபிளவர் என்று ஓவியர்கள் சொல்வது இதைத்தான். மினுக்கமும் போன பிறகு தாள் காய்ந்ததுபோல் நடிக்கும். நம்பாதீர்கள். நிறம் படாத ஓரத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்போது தொடக் கூடாது. குளிர்ச்சி போன பிறகுதான் இரண்டாவது ஈரம்.

உங்கள் பழுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஊதாவும் மஞ்சளும் எதிர்நிறங்கள். கத்தரிக்காய் வரைந்த பிரஷை அலசிய தண்ணீரிலேயே எலுமிச்சைக்கும் தொட்டால் மஞ்சள் அப்போதே மங்கிவிடும். தண்ணீர் இரண்டு பாத்திரத்தில் இருக்கட்டும். ஒன்று கழுவ, ஒன்று தொட.

மே 7, கொஞ்ச நேரம் கழித்து

நிறத்தின் கெட்டி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். முதல் ஈரத்துக்கு நீர்மோர். இரண்டாவது ஈரத்துக்கு நல்ல மோர். கடைசியில் காம்படியிலும் நிழலின் அடியிலும் வைக்கும் இரண்டு மூன்று அடர்ந்த இடத்துக்குத் தயிர். பேலட்டைச் சாய்த்தால் எவ்வளவு சீக்கிரம் வழிகிறது என்பதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

நீர்வண்ணம் காய்ந்தால் ஒரு படி வெளிறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் பார்க்கும்போது "கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ" என்று தோன்றினால் பெரும்பாலும் அதுதான் சரியான அளவு.

மே 9

"முதலில் பென்சிலில் அவுட்லைன் போடலாமா?"

போடலாம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு மாடல் டிராயிங் பழகியவர்கள் பானையையும் பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள், அந்தப் பழக்கம் நல்ல சொத்து. ஆனால் ஒன்று. பென்சில் கோடு போட்டதும் மனம் அதை வேலியாக எடுத்துக்கொள்கிறது. கோட்டுக்குள் நிறம் நிரப்புகிறோம். நிழல்பக்கத்தில் காயும் அதன் தரைநிழலும் சேரும் இடத்தில் கண்ணுக்கு உண்மையில் ஓரமே தெரிவதில்லை. அங்கேயும் கோடு இருப்பதால் கோட்டோடு நின்றுவிடுகிறோம். பொருள் மேசையில் ஒட்டாமல் மிதப்பது அதனால்தான்.

ஆகவே வெளிச்சப் பக்கத்துக்கு மட்டும் கோடு போடுங்கள். நிழல்பக்கத்தைத் திறந்து விடுங்கள்.

மே 12

மொத்தமாக ஒரு கத்தரிக்காயை எப்படி வரைவது என்று எழுதச் சொன்னீர்கள். நான் செய்வது இது.

ஒரே ஒரு காய். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். மேலே இருக்கும் டியூப்லைட்டை அணைத்துவிடுவேன். இரண்டு வெளிச்சம் இருந்தால் நிழலும் இரண்டு விழும், வேகப் பயிற்சியில் அது வேண்டாத தலைவலி. அடியில் வெள்ளைத் தாள் அல்லது வெளிறிய துணி.

வரைவதற்கு முன்னால் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சுருக்கினால் காம்பின் முள், தோலின் கோடு எல்லாம் மறைந்து மூன்று அளவுதான் தெரியும்: வெளிச்சம், நடு, இருள். எது எங்கே முடிகிறது என்று மனதில் தீர்ந்த பிறகுதான் பிரஷ். பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தாள் இன்னும் நனையவில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஈரம்: அல்ட்ராமரின் நீலமும் அலிசரின் கிரிம்சன் சிவப்பும் பேலட்டில் முழுக்கக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெரிய பிரஷில் இரண்டையும் தொட்டு, ஹைலைட் விழும் இடத்தை, அதாவது வெளிச்சம் பட்டு மினுங்கும் இடத்தை, உலர்ந்த தாளாகவே விட்டுவிட்டுக் காய் முழுக்கப் போடுவேன். நிழல்பக்கம் போகும்போது நீலம் கூடும். அப்படியே நிற்காமல் அதே ஈரத்தில் தரைநிழலுக்குள் இழுத்துவிடுவேன். காம்புக்குப் பச்சை ஒரு தொடுதல். அது ஊதாவுக்குள் கொஞ்சம் ஓடினால் ஓடட்டும். முதல் ஈரம் முடிந்தது.

இரண்டாவது ஈரம்: இருள்பக்கம் மட்டும். வலுவான கலவை. வெளிச்சத்தை நோக்கிய ஓரத்தை ஈரப் பிரஷால் ஒரு தடவை மென்மையாக்கி விடுவேன். காயின் அடிவயிற்றில் மேசையிலிருந்து எதிரொளி வந்து ஒரு கீற்று வெளுத்திருக்கும், அதைத் தொடமாட்டேன். பிறகு காம்படியில் ஓர் அடர்ந்த புள்ளி, தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஹைலைட் தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஜன்னலில் தெரியும் வானம்தான் அங்கே பிரதிபலிக்கிறது. உற்றுப் பார்த்தால் பல நாட்களில் அது மெல்லிய நீலம்.

அலிசரின் பற்றி ஒரு சொல். 1868இல் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்யப்பட்ட சாயம் அது. நிறம் மனதை அள்ளும், ஆனால் வெளிச்சத்தில் மங்கும். பயிற்சித் தாள் நோட்டுக்குள் இருக்கும் என்றால் கவலையில்லை. யாருக்காவது சட்டம் போட்டுக் கொடுப்பதென்றால் குயினாக்ரிடோன் வகைச் சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

மே 19

"வடக்கு ஜன்னல்தான் சிறந்தது, அங்கே வெயில் நேராக வராது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவுக்கு அது சரியான விதி. அங்கே சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகவே உச்சி கடக்கிறது. நாம் இருப்பது வேறு இடம். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழுவதை மே, ஜூனில் யாரும் பார்க்கலாம். அதே மாதங்களில் நடுப்பகலில் தெற்கு ஜன்னல் அமைதியாக இருக்கும். ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்து மேசையை வடக்கே நகர்த்தியவர்கள் இப்போது தெற்கே திருப்பிப் பார்க்கலாம்.

நேர் வெயிலில் வரைவதும் தவறில்லை, நிழல் கூர்மையாக இருக்கும். ஆனால் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இருபது நிமிடத்தில் 5 பாகை. நிழலின் வடிவத்தை முதலிலேயே முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். நிழலைத் துரத்திக்கொண்டு போனால் ஒரே காய்க்கு இரண்டு சூரியன் வந்துவிடும்.

மே 20

மின்விசிறி ஓடினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் அதை நிறுத்திவிட்டு உட்கார முடியாது, எனக்கும் தெரியும். ஓட விட்டால் முதல் ஈரம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கி, நடுவில் குட்டை நிற்கும்போதே விளிம்பு முடிந்துபோயிருக்கும். காற்று நேராகத் தாளில் படாத மூலைக்கு மேசையை நகர்த்துங்கள். முடியாவிட்டால் முதலில் சுத்தமான தண்ணீரால் தாளை இரண்டு முறை நனைத்து ஊற விட்டுப் பிறகு நிறம் தொடுங்கள். நேரம் கொஞ்சம் நீளும்.

மே 26

நுங்கு கிடைக்கும் காலத்திலேயே அதை வரைந்து பாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். நீர்வண்ணத்துக்கென்றே பிறந்த பொருள் அது.

மூன்று அளவு போதும் என்று மேலே சொன்னேன். கத்தரிக்காய்க்குப் போதும், நுங்குக்குப் போதாது. கத்தரிக்காயில் வெளிச்சம் தோலோடு நின்றுவிடுகிறது. நுங்கில் உள்ளே புகுந்து மறுபக்கம் வருகிறது. அதனால் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், நிழல் இருக்க வேண்டிய இடத்தில், ஒளி தேங்கி நிற்கும். தரைநிழலின் நடுவிலேயே வெளிச்சம் கசியும். முதன்முதலில் கவனித்தபோது ஏதோ தவறாகப் பார்க்கிறேன் என்றே நினைத்தேன், எழுந்து போய் மறுபக்கம் நின்றும் பார்த்தேன். கண் பார்ப்பதை நம்பச் சொல்லிக்கொடுக்கும் பொருள் இதைவிட வேறில்லை.

செய்முறை: தாளை முழுக்க நனைத்து, மிக நீர்த்த நீலச் சாம்பலை நிழல் ஓரத்தில் மட்டும் தொட்டு விடுங்கள். நடுவில் எதுவும் வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலை மட்டும் காய்ந்த பிறகு அழுத்தமான ஓரத்தோடு வையுங்கள். அந்த ஒரு கூர்மையான ஓரம் வந்ததும் மற்றதெல்லாம் கண்ணாடியாகிவிடும். சீக்கிரம் வரையுங்கள், வெளியே வைத்தால் நுங்கு வாடும். வரைந்து முடித்தபின் என்ன செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை!

ஜூன் 8

தக்காளி கேட்டவருக்கு: நிழலுக்குக் கறுப்பு சேர்க்காதீர்கள். சிவப்பில் கறுப்பு கலந்தால் காய்ந்த ரத்தத்தின் நிறம் வரும். அலிசரினில் துளி பச்சை அல்லது அல்ட்ராமரின் போதும். கறுப்பே வேண்டும் என்றால் அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்து பாருங்கள். டியூப் கறுப்பைவிட ஆழமாகவும், நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்தும், பழுப்பைக் கூட்டினால் வெதுவெதுப்பாகவும் வரும். இந்த இரண்டு டியூப்பை மட்டும் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காய் மூடி எல்லாம் வரைந்துவிடலாம்.

இந்த அல்ட்ராமரின் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்துச் செய்தது, விலை தங்கத்தோடு போட்டி போட்டது. செயற்கையாகச் செய்பவருக்கு 6000 பிராங்க் என்று பிரான்சில் ஒரு சங்கம் பரிசு அறிவித்தது. 1828இல் அந்தப் பரிசை வாங்கியவர் கிமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அதனால்தான் இன்று வெங்காயத் தோலின் நிழலுக்குக்கூட நாம் அதைத் தாராளமாகச் செலவழிக்கிறோம்.

ஜூன் 15

எவர்சில்வர் டம்ளர்.

பலர் இதற்குச் சாம்பல் நிறம் கலக்கத் தொடங்குகிறார்கள். எவர்சில்வருக்கென்று நிறமே கிடையாது. சுற்றி இருப்பதெல்லாம் அதில் நீளவாக்கில் பட்டை பட்டையாக இறங்குகிறது. பக்கத்தில் எலுமிச்சை இருந்தால் ஒரு மஞ்சள் பட்டை. நீங்கள் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் நடுவில் சிவப்பு. ஜன்னல் வெள்ளைப் பட்டை, கதவிடுக்கு கறுப்புப் பட்டை. உலோகமாகத் தெரிவதற்குக் காரணம் வெள்ளையும் கறுப்பும் இடைநிறம் எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான். ஆகவே இங்கே ஈரத்தின் மேல் ஈரம் வேண்டாம். உலர்ந்த தாள், ஒவ்வொரு பட்டைக்கும் ஒரே இழுப்பு, நடுவில் முடி அளவுக்கு உலர்ந்த இடைவெளி. பட்டைகள் ஒன்றோடொன்று ஓடிவிட்டால் டம்ளர் உலோகத்தை விட்டுப் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

பித்தளைச் சொம்புக்கும் இதே முறை. எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அப்புறம் மேலே சொன்ன கறுப்பு. இருண்ட பட்டையில் பச்சைச் சாயல் கொஞ்சம் இருக்கட்டும். புளி போட்டுத் தேய்த்த சொம்பைவிட இரண்டு வாரம் கிடந்த சொம்புதான் வரைய அழகு. வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜூலை 3

ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். நம் ஊர் ஓவியர்கள் ஒரு இலையின் நரம்பைக்கூட விடாமல் வரைந்தவர்கள், இப்படி அவசரத் தீற்றல் போடுவது அந்த உழைப்பை மதிக்காத வேலை என்று.

அவர் சொல்லும் உழைப்பை நானும் வணங்குகிறேன். 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளருக்காக ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்த தாவரப் படங்களை யாரும் பார்க்க வேண்டும். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். ஓவியரின் பெயரை யாரும் குறித்துவைக்காத காலத்தில் அது பெரிய மரியாதை. அந்தப் படங்களின் வேலை வேறு. வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் படத்தை வைத்தே செடியை அடையாளம் காண வேண்டும். எந்த நரம்பும் விடுபடக் கூடாது.

வேகப் பயிற்சியின் வேலை, எதை விடலாம் என்று முடிவெடுக்கப் பழகுவது. இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. பறித்த பூ வாடுவதற்குள் அதன் நிறத்தைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் தாவர ஓவியருக்கும் இருக்கிறது. அந்த இடத்தில் அவருக்கும் கை தயங்கக் கூடாது.

ஜூலை 4

நேற்றையதோடு சேர்த்துப் படிக்கவும். வேகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் சண்டை போடுவதற்கு ஒரு மருந்து செசான். மிக மெதுவான பிரெஞ்சு ஓவியர். பழம் அழுகிவிடுகிறது என்று செயற்கைப் பூவையும் பழத்தையும் வைத்துக்கூட வரைந்தவர். 1904இல் பிரான்சின் ஏக்ஸ் நகரத்தில் அவர் நீர்வண்ணம் வரைவதை எமில் பெர்னார் என்ற இளைய ஓவியர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். நிழலில் ஒரு சின்னத் தீற்றலோடு தொடங்கி, அதைத் தாண்டி இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய திரைகளாக அடுக்கிக்கொண்டே போனாராம்.

அவருடைய கடைசிக் காலத்து நீல எனாமல் பாத்திரமும் ஆப்பிள்களும் உள்ள நீர்வண்ணம் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முழுப்படத்துக்கு எத்தனை நாள் ஆகியிருந்தாலும், ஒவ்வொரு தீற்றலும் ஒரே தடவையில் விழுந்து கிடக்கிறது. திரும்பிப் போய்த் தேய்த்த அடையாளம் இல்லை. வெள்ளைக் கூஜாவின் வெளிச்சம் வெறும் தாள். மெதுவான ஓவியர், ஆனால் ஓர் ஈரத்துக்கு ஒரு வேலை. என் கட்சிக்கு இவரைச் சேர்த்துக்கொள்கிறேன்.

கத்தரிக்காய்க்காரர்களுக்குத் தனியாக ஒரு பெயர்: சார்ல்ஸ் டெமத், அமெரிக்கர், 1883 முதல் 1935 வரை வாழ்ந்தவர். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் இருந்துகொண்டு 1920களில் கத்தரிக்காயைத் திரும்பத் திரும்ப நீர்வண்ணத்தில் வரைந்தார். ஈர நிறத்தை ஒற்றி எடுத்துத் தோலின் மினுமினுப்பைக் கொண்டுவருவார். காயின் ஒரு பக்கம் கூர்மையாக இருக்கும், மறுபக்கம் அப்படியே வெள்ளைத் தாளில் கரைந்துவிடும். பார்த்ததும் எனக்குச் சமையலறைக்குப் போய் ஒரு காயை எடுத்துவரத் தோன்றியது.

ஆகஸ்ட் 11

தாள். விலை கேட்டு எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள்.

பள்ளி ட்ராயிங் ஷீட்டில் இந்தப் பயிற்சி நடக்காது. தண்ணீர் பட்டதும் மேடுபள்ளமாகி நிறம் பள்ளத்தில் தேங்கும். 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் வேண்டும். மரக்கூழ்த் தாளா, பருத்தித் தாளா என்பதுதான் கேள்வி. பருத்தித் தாள் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும், முதல் ஈரம் நீளும். காய்ந்த பிறகு மேல் வாஷ் போட்டால் அடிவாஷ் அவ்வளவாக அசையாது. மரக்கூழ்த் தாளில் ஈரம் சீக்கிரம் போகும், அடிவாஷ் எளிதில் கிளம்பும்.

பழகுவதற்கு மலிவான தாள், நல்ல படத்துக்கு நல்ல தாள் என்று சொல்வார்கள். நானும் பலரிடம் அப்படிச் சொல்லிவந்தேன். இப்போது கருத்து மாறிவருகிறது. நாம் பழகுவதே ஈரத்தைப் படிக்கத்தான். ஒரு தாளின் ஈரத்தைப் படித்துவிட்டு வேறு தாளுக்குப் போனால் மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே பருத்தித் தாளையே வாங்குங்கள், சிறிதாக நறுக்குங்கள். 22க்கு 30 அங்குல முழுத்தாளை நீளத்தில் நான்கு, அகலத்தில் நான்கு என்று வெட்டினால் ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டு. ஒரு கத்தரிக்காய்க்கு அது அரண்மனை. பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

ஆகஸ்ட் 11, மாலை

பிரஷ்: ரவுண்ட் (உருண்ட தலை), எண் 10 அல்லது 12. நுனி கூர்மையாக நிற்க வேண்டும். சின்னப் பிரஷை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் கை அதைத் தேடிப் போகும், நரம்பு வரையத் தொடங்கிவிடும்.

அக்டோபர் 27

மழை வந்தாயிற்று. இனி மேலே மே மாதத்தில் எழுதியதைத் தலைகீழாகப் படியுங்கள்.

மே மாதத்தில் ஈரம் நிற்கவில்லை என்று புலம்பினோம். இப்போது போகவே மாட்டேன் என்கிறது. காற்றே தண்ணீராக இருக்கும் நாளில் தாளின் தண்ணீர் எங்கே போகும்? முதல் ஈரம் அருமையாக நீளும், ரோஜா, சாமந்தி எல்லாம் வரைய இதுதான் காலம். இரண்டாவது ஈரத்துக்குத்தான் பொறுமை வேண்டும். புறங்கைச் சோதனையும் இந்த நாட்களில் ஏமாற்றும், ஏனென்றால் அறையில் எதைத் தொட்டாலும் ஜில்லென்றுதான் இருக்கிறது. அதே அளவு காய்ந்த வெறும் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் தொட்டு ஒப்பிடுங்கள்.

ஹேர் டிரையர் பற்றி: பளபளப்பு இருக்கும்வரை கிட்டே கொண்டுவராதீர்கள், காற்று நிறத்தை ஊதித் தள்ளும். மினுக்கம் போன பிறகு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டலாம். காட்டி முடித்ததும் தாள் ஆறட்டும். சூடான தாளில் அடுத்த வாஷ் விழுந்த இடத்திலேயே காய்ந்து கோடு கோடாக நிற்கும்.

நவம்பர் 10

பூஞ்சை. மழைக்காலத்தில் எனக்கு அதிகம் வரும் கேள்வி.

டியூப்பிலிருந்து பிதுக்கி வைத்த நிறத்தை ஈரத்தோடு மூடி வைத்தால் வெள்ளை படியும். இரவு முழுக்க பேலட் திறந்தே கிடக்கட்டும், காலையில் மூடலாம். சில கம்பெனிகள் நிறத்தில் தேன் சேர்க்கின்றன. உலர்ந்த ஊரில் நிறம் வெடிக்காமல் இருக்க அது உதவும். நம் கடற்கரை ஊர்களில் அந்த நிறம் பேலட்டில் கெட்டியாகவே ஆகாது, பேலட்டைச் செங்குத்தாக வைத்தால் இறங்கி வரும். ஒரு காலையில் என் மஞ்சளைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியிருந்தது. அதிலிருந்து பேலட்டை ஒரு தட்டுத் தண்ணீருக்கு நடுவில் வைக்கிறேன்.

தாளுக்கு நேரும் கேடு இன்னும் மோசம், கண்ணுக்கும் தெரியாது. தாளில் தண்ணீர் உடனே ஊறிவிடாமல் தடுக்கக் கஞ்சிபோல ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள், பல தாள்களில் ஜெலட்டின். ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் அது அங்கங்கே கெட்டுப்போகும். வாஷ் போடும்போதுதான் தெரியவரும்: சில இடங்களில் நிறம் மைஒற்றும் தாளில் விழுந்ததுபோல் உள்ளே இறங்கிக் கருத்த புள்ளிகளாக நிற்கும். அதற்கு மருந்தில்லை. புதுத்தாள் வாங்கியதும் காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். தரையோடு ஒட்டிய அலமாரி வேண்டாம்.

நவம்பர் 24

"ஹைலைட்டை விட மறந்துவிட்டால் வெள்ளை கொவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டி நிறம்) வைக்கலாமா? ஏமாற்று வேலை என்கிறார்களே?"

ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன், நல்ல ஓவியர்கள் எல்லாக் காலத்திலும் வைத்திருக்கிறார்கள். மல்லிகைச் சரம் வரையும்போது கடைசியில் இரண்டு மொட்டு நுனிக்கு நானும் வைப்பதுண்டு. ஆனால் இந்தப் பயிற்சியில் வேண்டாம் என்பேன். வெள்ளை கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அந்த முதல் கட்டத்தில் அவசரம் வந்துவிடுகிறது, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று. வெள்ளை இல்லையென்றால் ஹைலைட் எங்கே என்பதைப் பிரஷ் நனைவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

நிறம் படாமல் தாளை மறைத்து வைக்கும் மாஸ்கிங் திரவமும் இதே காரணத்தால் வேண்டாம். அது காயக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு கத்தரிக்காய் வரைந்துவிடலாம். விட மறந்த ஹைலைட்டை அடுத்த கட்டத்தில் விடுங்கள், டேப் ஒட்டிய தாளில் இன்னும் மூன்று கட்டம் இருக்கிறது.